தானியமும் திராட்சையும்: கம்பம் பள்ளத்தாக்கின் செழிப்பும் கிறித்தவ மகிழ்ச்சிக் கருத்தும்

ஆய்வுச்சுருக்கம்

முல்லைப் பெரியாற்று நீராலும் பன்னீர்த் திராட்சையாலும் வளம்பெற்ற கம்பம் பள்ளத்தாக்கில், செல்வத்தின் நடுவே ஆன்மிக மகிழ்ச்சி என்னும் விவிலியக் கருத்து எத்தகைய வரலாற்றுச் சூழலில் பொருள் கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விவிலியத்தில் இம்மகிழ்ச்சி தனிமனித மனநிறைவாக மட்டும் பேசப்படவில்லை. வளம் எங்கிருந்து வந்தது, அதை விளைவித்த கைகள் எவை என்ற நினைவோடு அது பிணைக்கப்பட்டுள்ளது. அந்நினைவு இப்பள்ளத்தாக்கில் எவ்வாறு காக்கப்பட்டது, எங்கே நழுவியது என்பதே இக்கட்டுரையின் வினா.

திறவுச்சொற்கள்: கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாறு, பன்னீர்த் திராட்சை, அமெரிக்க மதுரை மிஷன், அறுப்பின் பண்டிகை, விவிலியத் தமிழ்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகக் கிறித்தவத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் பஞ்சத்தின் வரலாறாகவே எழுதிப் பழகியிருக்கிறோம். 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சமும், அதையொட்டித் திருச்சபைகளில் சேர்ந்த திரளான மக்களும், கஞ்சித் தொட்டிகளும், ஆதரவற்றோர் இல்லங்களும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது இயல்பே. துன்பத்தில் சமயம் தரும் ஆறுதல் பற்றி நம்மிடம் விரிவான எழுத்துகள் உள்ளன. களஞ்சியம் நிறைந்த காலத்தில் அதே சமயம் என்ன சொல்கிறது என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

விவிலியமோ இக்கேள்வியைத் தவிர்ப்பதில்லை. பிலிப்பியர்க்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில் பவுல், வறுமையில் வாழக் கற்றதைச் சொல்லுமிடத்திலேயே நிறைவில் வாழக் கற்றதையும் சொல்கிறார். வளத்தில் வாழ்வதும் கற்க வேண்டிய ஒன்றாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இணைச்சட்டம் (உபாகமம்) 28ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. எல்லாம் நிறைந்திருந்தபோது உளமகிழ்வோடு இறைவனுக்குப் பணிசெய்யாமையை அது குற்றமாகவே எண்ணுகிறது. செல்வம் சேர்த்தது அங்குக் குற்றமன்று. செல்வத்தின் நடுவே மகிழாமல் இருந்ததே குற்றம். இந்தப் பகுதி மறையுரைகளில் போதிய கவனம் பெறுவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நான்காம் திருப்பாடல், தானியமும் திராட்சை இரசமும் பெருகும் காலத்து மகிழ்ச்சியைவிட மேலான ஒரு மகிழ்ச்சியைப் பேசுகிறது. பிற தமிழகக் கிறித்தவருக்கு இவ்விரண்டில் தானியம் கண்கூடு, திராட்சை ஏட்டுச்சொல். கம்பம் பள்ளத்தாக்கின் கிறித்தவருக்கோ இரண்டும் வீட்டு வாசலில் விளைவன. எனவே இப்பாடலின் ஒப்பீடு உண்மையிலேயே சோதிக்கப்படும் இடமாக இப்பள்ளத்தாக்கைக் கொள்ளலாம்.

பெரியாற்று நீர்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் இந்நிலப்பகுதி, 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே ஏற்றுக்கொள்வதால் இது மழைமறைவு நிலம். மலைக்கு மேற்கே பெய்து அரபிக்கடலுக்கு ஓடிய நீரைச் சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டது. தாது வருடப் பஞ்சம் அதை நிறைவேற்றியே தீரவேண்டிய திட்டமாக்கிற்று. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பொறுப்பில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்ட அணை 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது.

அணைக்கு முந்தைய பள்ளத்தாக்கை மிஷனரிமார் அறிந்திருந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் பணி தொடங்கி, பின்னர்ப் பெரியகுளத்தை ஒரு நிலையமாகக் கொண்டு இப்பகுதிச் சிற்றூர்களுக்குச் சென்றது. அந்நிலையத்தில் பணியாற்றிய டேவிட் காயிட் ஸ்கட்டர், இந்தியா வந்து இரண்டாண்டுகூட நிறையாத நிலையில், 1862 நவம்பரில் ஆற்று வெள்ளத்தில் சிக்கி உயிர்துறந்தார். அவருடைய வாழ்க்கையையும் கடிதங்களையும் தமையன்பின் பிறந்த ஹொரேஸ் ஸ்கட்டர் 1864இல் நூலாக்கினார். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து சில நாள் மட்டும் ஆளை விழுங்கும் ஆறுதான் அன்றைய ஆறு. அதைப் பார்த்து வாழ்ந்தவர்களின் சமய மொழியில் நீர் என்பது வேண்டுதலின் பொருளாகவோ அச்சத்தின் பொருளாகவோ அமைந்திருக்கும். நன்றியின் பொருளாக அமைவது எளிதன்று.

1895க்குப் பின் நிலைமை மாறியது. பெரியாற்று நீரின் பெரும்பங்கு வைகை வழியே மதுரைப் பகுதிக்குச் சென்றாலும், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தேக்கடி மதகில் மலர் தூவி முதல்போகத்துக்கு நீர் திறப்பது இன்றும் செய்தியாக வெளிவருகிறது.

இங்கு விவிலிய வாசகர் எதிர்கொள்ளும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இணைச்சட்டம் 11ஆம் அதிகாரம் இருவகை நிலங்களை ஒப்பிடுகிறது. ஒன்று, மனிதன் தன் கால் உழைப்பால் நீர் பாய்ச்சிக் கீரைத் தோட்டம்போல் வளர்க்கும் எகிப்து. மற்றொன்று, மலைகளும் பள்ளத்தாக்குகளும் உடையதாய் வானத்து மழையையே நம்பியிருக்கும் வாக்களிக்கப்பட்ட நாடு. மழையை நம்பியவன் மேலே பார்க்கக் கற்கிறான். வாய்க்காலை நம்பியவன் தன் கையையே பார்க்கிறான் என்பது அவ்வொப்பீட்டின் உட்கிடை. இதன்படி, மலையும் பள்ளத்தாக்குமாய் அமைந்த கம்பம், 1895க்குப் பின் எகிப்தின் பக்கம் சேர்ந்துவிட்ட நிலமாகும். சுரங்கமும் மதகும் பொதுப்பணித் துறையும் அதன் வளத்துக்குக் கண்கூடான காரணங்கள். எட்டாம் அதிகாரம் எச்சரிக்கும் சோதனையும் இதுவே: உண்டு நிறைந்து, நல்ல வீடு கட்டிக் குடியேறியபின், இச்செல்வத்தைத் தன் கைவலிமையே ஈட்டியதென்று நெஞ்சில் நினைத்துக்கொள்ளுதல்.

பள்ளத்தாக்கு மக்கள் இச்சோதனைக்குத் தந்த விடை சுவையானது. அவர்களுள் பெரும்பான்மையினர் கிறித்தவர் அல்லர். ஆயினும் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கலிடுகின்றனர். பல வீடுகளில் அவர் படம் இருக்கிறது. 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்ற கதை ஊர்தோறும் வழங்குகிறது. அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் திட்டம் என்பதை நினைத்தால் இக்கதையை அப்படியே வரலாறாக ஏற்பது கடினம். ஆனால் கதையின் வடிவம் கவனிக்கத்தக்கது. கொடை பெற்றவர்கள் கொடுத்தவரைத் தம்மை இழந்து கொடுத்தவராகவே கற்பனை செய்கிறார்கள். அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு யாரும் பொங்கலிட முடியாது. தன்னைத் தந்த ஒருவருக்கே நன்றி செலுத்த முடியும். கிறித்தவச் சிந்தனை தன் மையத்தில் வைத்திருக்கும் ஒரு வடிவம் இது. கிறித்தவரான பொறியாளரைக் குறித்துக் கிறித்தவரல்லாத உழவர்கள் இக்கதையைச் சொல்லிவருவதில் ஒரு முரண்சுவையும் உண்டு. இங்கிலாந்தின் ஃபிரிம்லி தூய பேதுரு ஆலய வளாகத்தில் உள்ள அவருடைய கல்லறையைத் தேடிச் செல்லும் தமிழரும் உள்ளனர்.

இந்த நன்றியில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. அணை கட்டும்போது காய்ச்சலாலும் காலராவாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். அணையருகே அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. பொங்கல் பானை அவர்கள் பேரில் வைக்கப்படுவதில்லை.

கொடியின் தோற்றம்: ஒரு மரபுச் செய்தியின் மதிப்பு

திராட்சையின் வரலாற்றில் கிறித்தவத் தொடர்பு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி வெளிவந்த செய்திகளின்படி, ஏறத்தாழ 10 ஊர்களில் 2,000 ஏக்கர் அளவில் இது பயிரிடப்படுகிறது. தமிழகத்தின் இவ்வகைத் திராட்சை விளைச்சலில் 85 விழுக்காடு இப்பள்ளத்தாக்கைச் சார்ந்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி முதலிய ஊர்களின் கல்தூண் பந்தல்கள் இவ்வட்டாரத்தின் அடையாளமாகிவிட்டன. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் இத்திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அச்செய்திகளோடு சேர்ந்தே வழங்கும் குறிப்பு.

இவ்வாண்டினை ஆராயாமல் ஏற்பதற்கில்லை. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் நிறுவப்பட்டது. ஜோசப் பெர்த்ராந்து முதலிய பிரெஞ்சு இயேசு சபையார் மதுரை மிஷனை மீட்டெடுக்க வந்தது 1837-38ஆம் ஆண்டுகளில்தான். 1832இல் இப்பகுதிக்கு ஒரு பிரெஞ்சுக் குரு வந்திருப்பாராயின் அவர் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிசு அயல்மறைப்பணிச் சபையைச் சார்ந்தவராக இருந்திருத்தல் வேண்டும். இரண்டாவது தடை பயிரியல் சார்ந்தது. பன்னீர்த் திராட்சை எனப்படுவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. இது இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ என்பவரால் 1850ஐ ஒட்டி உருவாக்கப்பட்டதாகத் தோட்டக்கலை வரலாறு கூறும். மரபணு ஆய்வும் மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியாவும் ஸ்கியாவா குரோசாவும் இதன் பெற்றோர் என உறுதிசெய்துள்ளது. ஆகவே 1832இல் வந்த கொடி ஒன்று இருந்திருந்தாலும் அது இன்றைய பன்னீர்த் திராட்சையாக இருக்க இயலாது. குருவானவர் கொண்டுவந்த கொடி என்ற நினைவும், பிற்காலத்தில் பரவிய ஒரு குறிப்பிட்ட வகையின் வரவும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன எனக் கொள்வதே பொருத்தம்.

ஆண்டு பிழையானாலும் மரபுச் செய்தி பயனற்றதாகிவிடாது. நற்கருணைக்குத் திராட்சை இரசம் தேவைப்பட்ட குருக்கள் சென்ற இடமெல்லாம் கொடி நட்டது உலகறிந்த வரலாறு. மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவரை மறைப்பணித் தளங்களில் நடந்தது இதுவே. பலிபீடத்துக்காக வந்த கொடி சந்தைக்கு உரியதாக மாறியது என்பதே அம்மரபின் உட்பொருள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை உண்ணும் பழமாகவும் சாற்றுக்காகவுமே பெரிதும் விற்கப்படுகிறது. அதன் செல்வத்தின் தொடக்கத்தில் ஒரு குருவானவரை நிறுத்தும் கதை, அச்செல்வம் வேறொரு நோக்கத்துக்கு உரியதாய் இருந்தது என்பதை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது.

சொல்வழக்கும் இங்கு நோக்கத்தக்கது. பழைய கத்தோலிக்கத் தமிழில் திராட்சை என்பதற்குக் கொடிமுந்திரி என்ற சொல் வழங்கியது. அப்பழத்தைக் கண்டறியாத சபைகளுக்கு அது முந்திரியின் சாயலில் கற்பனை செய்துகொள்ள வேண்டிய பொருள். சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்புகளில் நிலைத்த திராட்சச்செடி என்ற வழக்கும் நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தைக் கடற்கரைப் பரதவரும் திருநெல்வேலிப் பனையேறிகளும் உவமையாகக் கேட்டனர். ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் நெடுநாளாக வாழும் கத்தோலிக்க உழவர்கள், கொடி வளர்க்கத் தொடங்கிய பின், அதைத் தொழிற்குறிப்பாகவே கேட்டிருக்க முடியும்.

கவாத்து

யோவான் 15இன் அமைப்பில் பலரும் பொருட்படுத்தாத ஒன்று உண்டு. கொடி, கிளை, கனி என நகரும் பேச்சு பதினொன்றாம் வசனத்தில் திடீரென மகிழ்ச்சிக்கு வந்து சேர்கிறது. கொடியைப் பற்றிச் சொன்னதெல்லாம் கேட்போரின் மகிழ்ச்சி நிறைவுறுவதற்காகவே என்று அங்குச் சொல்லப்படுகிறது. 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு இதற்குச் சந்தோஷம் என்ற சொல்லையும், 1995இன் பொது மொழிபெயர்ப்பு மகிழ்ச்சி என்ற சொல்லையும் ஆள்கின்றன. இந்நிறைவுக்கு வழியாகச் சொல்லப்பட்டதோ வெட்டு. கனி தராத கிளை அறுத்தெறியப்படும் என்பதோடு பேச்சு முடியவில்லை. கனி தரும் கிளையும் வெட்டப்படும்.

இரண்டாவது வெட்டுக்கு மூலக் கிரேக்கத்தில் வரும் வினை, தூய்மையாக்குதல், கிளை கழித்தல் ஆகிய இருபொருளும் தருவது. ஐக்கிய மொழிபெயர்ப்பு தூய்மைப் பொருளையும், பொது மொழிபெயர்ப்பு கழித்தல் பொருளையும் எடுத்துக்கொண்டன. பள்ளத்தாக்கின் உழவர் இதற்கு வழங்கும் சொல் கவாத்து. படைப்பயிற்சிக்கும் வழங்கும் இவ்வுருதுச் சொல் தோட்டத்துக்குள் எப்படிப் புகுந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. கொடியை ஒழுங்குக்குள் நிறுத்துதல் என்ற பொருளில் அது பொருந்தவே செய்கிறது.

பாலஸ்தீனத்திலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் வந்து இலை உதிர்த்து, கொடியை உறங்கவைக்கிறது; கவாத்து அவ்வுறக்கத்தில் நிகழ்வது. கம்பத்தில் கொடிக்கு உறக்கமில்லை. ஆண்டு முழுதும் அது பசுமையாகவே நிற்கும். வெட்டாமல் விட்டால் தழைத்து நீண்டு பந்தலை மூடுமேயன்றிக் காய்க்காது. முற்றிய குச்சியைக் குறைத்து வெட்டினால்தான் அதன் மொட்டு உடைந்து, புதுத் தளிரோடு பூங்கொத்தும் வெளிப்படும். வெட்டிய ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடை. இரண்டாண்டில் ஐந்து அறுவடைவரை காணலாம். அதாவது இங்குப் பஞ்சகாலத்துக் கொடி காய்க்காமல் போவதில்லை. செழிப்பில் விடப்பட்ட கொடிதான் காய்க்காமல் போகிறது. பருவம் செய்யாத வெட்டை உழவரே, கொடி மிகப் பசுமையாக இருக்கும் நேரத்தில், செய்ய வேண்டியிருக்கிறது.

நற்செய்தி எழுதப்பட்ட நாட்டின் வேளாண்மையைவிட இப்பள்ளத்தாக்கின் வேளாண்மை அவ்வுவமைக்குக் கூர்மையான உரையாக அமைகிறது என்பது மிகையன்று. துன்பத்தில் ஆறுதல் தேடும் வாசிப்பு, கவாத்தை நோயாகவும் இழப்பாகவும் பொருள்கொள்ளும். செழிப்பின் நடுவிலிருந்து வாசிக்கும்போது அது தானே முன்வந்து குறைத்துக்கொள்ளுதல் ஆகிறது. தசமபாகம், முதற்பலன், ஒருசந்தி முதலியவற்றைத் தமிழ்க் கிறித்தவம் கடமைகளாகவே பெரிதும் கற்பித்தது. அவற்றை மகிழ்ச்சியின் உட்கூறுகளாகக் காண இவ்வாசிப்பு இடந்தருகிறது. ஒவ்வொரு முறை உலைவைக்கும்போதும் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைக் கலயத்தில் தனியே எடுத்துவைத்த பிடியரிசிக் காணிக்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அக்காணிக்கை பஞ்ச ஊர்களிலும் இருந்தது. அங்கு அது தியாகம். இருபோகம் விளையும் ஊரில் அது நினைவூட்டல்.

மழையும் செவட்டை நோயும் விலைச்சரிவும் திராட்சை உழவரை அடிக்கடி கடனில் தள்ளுகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பூக்கும் காலத்து மழை ஒரு போகத்தையே அழித்துவிடும். வெளியார் பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றும் பந்தலின் கணக்கு பலவேளை வேறாக இருக்கிறது. ஆயினும் பல ஆண்டுகளின் சராசரியில், அண்டை வானம்பார்த்த பகுதிகளோடு ஒப்பிட, இது வளமான நிலம் என்பதில் ஐயமில்லை.

களத்திலும் ஆலையிலும் யார்?

விவிலியத்தில் திராட்சைத் தோட்டம் அமைதியான இடமன்று. நாபோத்தின் தோட்டத்துக்காக அரசன் கொலைக்கு உடன்படுகிறான். எசாயா ஐந்தாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பற்றிய பாடல் நீதி கேட்கும் குரலாக மாறி, வீட்டோடு வீடும் வயலோடு வயலும் சேர்ப்போரைச் சாடுகிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் கூலிச் சண்டை. இவற்றுக்கு நடுவே இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம் கூடாரப் பண்டிகையை விதிக்கிறது. களத்துத் தானியத்தையும் ஆலையின் இரசத்தையும் சேர்த்தபின் மகிழ்ந்திரு என்பது அங்குக் கட்டளை. மகிழ வேண்டியோரின் பட்டியலும் உண்டு: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், அனாதை, கைம்பெண். நான்காம் திருப்பாடலின் தானியமும் திராட்சையும் இங்கும் உள்ளன. அங்கு உள்ளத்தில் இடப்பட்ட மகிழ்ச்சி, இங்குப் பந்தியில் பரிமாறப்படுகிறது. இப்பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கிவிட்டு எஞ்சியோர் மகிழ்வதை அக்கட்டளை மகிழ்ச்சியாக எண்ணுமா என்பது ஐயமே.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டால் பள்ளத்தாக்கின் கிறித்தவ வரலாறு சிக்கலாகிறது. பெரியாற்று நீர் நிலமுடையோரின் வயலுக்கே பாய்ந்தது. அமெரிக்க மதுரை மிஷனின் சிற்றூர்ச் சபைகளில் சேர்ந்தோர் பெரும்பாலும் நிலமற்ற உழைப்பாளர். அம்மிஷன் 1847இல் சாதி வேறுபாட்டைக் கைவிடுதலைச் சபை உறுப்பினர்க்கு நிபந்தனையாக்கியது. சேர்ந்து உண்ணுதல் அதன் சோதனையாயிற்று; பலர் அதை ஏற்காமல் விலகினர். அச்செயலில் அயலார் தம் அளவுகோலைத் திணித்த கடுமை உண்டு என்ற விமரிசனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இணைச்சட்டத்தின் பண்டிகைப் பட்டியலை அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டனர் என்பதையும் மறுக்க இயலாது. கத்தோலிக்கத் தரப்பில் நிலவுடைமைச் சமூகங்களும் உழைக்கும் சமூகங்களும் ஒரே பங்கில் இருந்தன. ஆலயத்துக்குள் தனியிடம் என்னும் தமிழகக் கத்தோலிக்கத்தின் நெடுநாள் சிக்கலை அது சுமந்தது. சிறுபான்மையான சபை தன் பந்தியை மாற்ற முயன்றது. அதனிடம் நிலம் இல்லை. நிலம் இருந்த இடத்தில் பந்தி எளிதில் மாறவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபின் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஆண்டின் முதன்மை விழாக்களுள் ஒன்றாக நிலைத்தது. நெல், வாழைத்தார், தேங்காய், கோழி, முட்டை எனக் கையில் உள்ளதைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பர். வழிபாடு முடிந்ததும் ஏலம். இந்த ஏலத்தைச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. ஒரு வாழைத்தார் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும்போது அதில் போட்டியும் பெருமையும் கலந்திருப்பது உண்மையே. ஆயினும் ஏலத்தின் மற்றொரு முகம் கருதத்தக்கது. கூலிப் பெண் ஒருத்தி கொண்டுவந்த ஒற்றை முட்டை, சபையின் செல்வர் வாயால் விலை கூறப்பட்டு, ஒரு மரக்கால் நெல்லின் மதிப்பைப் பெறும் தருணம் அவ்விழாவில் உண்டு. சந்தையில் நிகழாத மதிப்பீடு அது. அன்றைய பொதுவிருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் அமரும்போது இணைச்சட்டப் பட்டியல் அரைநாளேனும் நிறைவேறுகிறது.

அண்மைப் பத்தாண்டுகளில் தமிழகமெங்கும் பெருகிய ஆசீர்வாதக் கூட்டங்களின் மொழி இதற்கு மாறானது. செழிப்பை இறையருளின் சான்றாக அது கொள்கிறது. ஆகவே செழிப்பில்லாதவருக்கு அருளும் இல்லை என்ற முடிவைத் தவிர்க்க அதனால் இயலவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மலைக்கு அப்பால்

பட்டியலில் அந்நியன் என்றொருவன் இருக்கிறான். கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அவன் தொலைவில் இல்லை. அணை அமைந்துள்ள இடுக்கி, கிறித்தவர் பெருந்தொகையாக வாழும் மாவட்டம். நூற்றாண்டு கடந்த அணையின் வலிமை பற்றிய அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்க இசைவளித்தது. இடையே 2011 டிசம்பரில் எல்லையின் இருபுறமும் கொந்தளிப்பு. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உழவர்கள் குமுளியை நோக்கித் திரண்டனர். மறுபுறம் சப்பாத்தில் அணைக்கு எதிரான உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. வல்லுநர் குழு அணை உறுதியானதெனக் கூறியது. அச்சம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஒரே விவிலியத்தை வாசிப்போர் ஒரே நீரைக் குறித்து, ஒரு சரிவில் நன்றியும் மறு சரிவில் பாதுகாப்பும் வேண்டி வழிபடும் நிலை இது.

இருதரப்பையும் இணைத்துப் பார்க்கும் கண் உழைப்பாளருடையது. கம்பம், தேவாரம், போடி ஆகிய இடங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கமாய் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றனர், மாலையில் இறங்குகின்றனர். வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்வோர் பலரும் தமிழரே. அணைக்குக் கீழே அமைந்த ஊர் அது. பள்ளத்தாக்கின் ஆலயங்களில் அறுப்பின் பண்டிகைக்கு முட்டையும் கோழியும் கொண்டுவருவோருள் இவர்களின் உறவினரும் உண்டு. ஜூன் மாதத்தில் தேக்கடி மதகில் மலர் தூவப்படும் அதே வாரங்களில் மேற்குச் சரிவில் பருவமழை வலுக்கிறது. ஒவ்வொரு நாளும் வெளியாகும் அணையின் நீர்மட்ட எண்ணை இருபுறத்தாரும் வாசிக்கின்றனர்.